கையிலிருந்த படகு

கடலில் ஒரு நாள்கூடப் பாய்விரித்துச் சென்றறியாத தமிழாசிரியன் நான். படகுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சில புத்தகங்களும் தூத்துக்குடியில் இருக்கும் தாய்மாமாவும் சொன்னவைதாம். மாமா முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எந்திர அறையில் கழித்தவர். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயண நூலை, அட்டை கிழிந்த பழைய பிரதி ஒன்றை, எனக்குக் கொடுத்தார். அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்களிடையே இன்னும் முடியவில்லை.

எனக்கு அந்நூலின் நாயகன் சுகைலி என்னும் படகுதான். ஏறத்தாழ 32 அடி நீளம், இரண்டு பாய்மரங்கள், முழுக்கத் தேக்கு. 1960களின் முற்பகுதியில் பம்பாயில் நம் தச்சர்கள் கட்டியது. அதில் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து தனியாகப் புறப்பட்ட நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் கரையேறாமல் உலகைச் சுற்றி, 312 நாள்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். கோல்டன் குளோப் என்ற அந்தப் போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே போட்டியைப் பழைய முறையிலேயே மீண்டும் நடத்தினார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டி கூடாது. செக்ஸ்டண்ட் கொண்டு கதிரவனை அளந்து வழி அறியவேண்டும். படகுகளும் 32 முதல் 36 அடிக்குள், பழைய அமைப்பில், அடிப்பகுதி முழுவதும் நீண்ட கீல் உடையனவாக இருக்கவேண்டும். பலர் ரஸ்லர் 36 என்ற ஆங்கிலேயப் படகைத் தேர்ந்தெடுத்தனர். கண்ணாடியிழை உடல், ஒற்றைப் பாய்மரம். கூடுதல் வேகம். இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி மட்டும் கோவாவில் கட்டப்பட்ட சுகைலியின் நகலில் புறப்பட்டார். பெயர் துரியா. சைவ சித்தாந்தம் பயின்றவர்களுக்குத் துரியம் என்ற சொல் புதிதன்று. எனக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமாயிருந்தது.

"நம்ம ஊர்ப் படகு மாமா" என்று தொலைபேசியில் மகிழ்ந்தேன்.

"மாப்ள, நீ படகைப் பாக்கல, கதையப் பாக்குற" என்றார் மாமா. "சுகைலியில அந்த மனுசன் ஏன் போனாருன்னு புத்தகத்துல படிச்சியா இல்லியா?"

படித்திருந்தேன், படித்தும் கடந்துபோயிருந்தேன். நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்தப் பயணத்துக்கெனப் புதிய எஃகுப் படகு ஒன்றைக் கட்டவே விரும்பினார். பணம் திரளவில்லை. ஆகவே சுகைலியில் கிளம்பினார். சுகைலி அவர் தேர்ந்தெடுத்த படகு அல்ல, கையிலிருந்த படகு. அவருக்கு வேறு வழியில்லாமல் வாய்த்ததை நான் அரை நூற்றாண்டுக்குப் பின் வழிபாட்டுப் பொருளாக்கிவிட்டேன்.

2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், மூன்றாம் இடத்தில் சென்றுகொண்டிருந்த துரியாவைப் புயல் புரட்டிப்போட்டது. பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு முறிந்த அபிலாஷை மூன்று நாள்களுக்குப் பின் ஒரு பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் மீட்டது. துரியாவைக் கடலிலேயே விட்டுவரவேண்டியதாயிற்று. அந்தப் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் ரஸ்லர் 36 படகுகளே பெற்றன. வென்ற பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் 212 நாள்களில் கரை சேர்ந்தார்.

மாமா வென்றதாகப் பேசவில்லை. "அதே புயல்ல அந்த அயர்லாந்துப் பையன் படகும் பாய்மரம் ஒடிஞ்சுதான் நின்னுச்சு. அது சுகைலி மாதிரி இல்லியே. ஜெயிச்சவர் படகும் நவம்பர்ல அடி வாங்குச்சு. படகு மேல மட்டும் பழியப் போடாத" என்றார். அபிலாஷ் ஏன் துரியாவில் சென்றார் என்பதை அவரே அறிவார். நான் ஏன் மகிழ்ந்தேன் என்பதுதான் என்னை உறுத்தியது. கரையில் இருப்பவனுக்குப் படகின் அழகு போதும். அதில் ஏறுபவருக்கு அது உயிர்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு மாணவி போட்டிக்கு அனுப்ப இரண்டு கவிதைகளைக் கொண்டுவந்து எது நல்லது என்று கேட்டாள். ஒன்று வெண்பா, மற்றது உரைநடைக் கவிதை. யாப்பு கற்பிப்பவன் என்ற செருக்கில் வெண்பாவைச் சுட்டினேன். தளை தட்டவில்லை, குறையே இல்லை. அவளும் அதையே அனுப்பினாள். அதன்பின் எதையும் என்னிடம் காட்டவில்லை. பழம்புலவர்களுக்கு வெண்பா கையிலிருந்த படகு. இவளுடைய கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை.

2022 செப்டம்பரில் அபிலாஷ் மறுபடியும் அதே போட்டிக்குப் புறப்பட்டார். முதுகில் டைட்டானியம் தண்டுகள். இம்முறை ரஸ்லர் 36. 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். மாமாவை அழைத்து, "உங்க படகுதான் மாமா சரி" என்றேன்.

"ஜெயிச்சது யாரு?" என்றார்.

வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர். படகு கேப் ஜார்ஜ் 36. வழியில் படகு மூழ்கித் தவித்த சக போட்டியாளரை மீட்டுவிட்டும் முதலாவதாக வந்தவர்.

"ஒன் படகும் இல்ல, எம் படகும் இல்ல. அந்தப் பொண்ணு தனக்கு எது தோதுன்னு பாத்து எடுத்துருக்கு. அவ்வளவுதான் மாப்ள" என்று சொல்லிவிட்டு, ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

அந்த மாணவியின் உரைநடைக் கவிதையில் முதல் வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெண்பாவில் ஒரு சீர்கூட நினைவில்லை. இதை அவளிடம் சொல்லவேண்டும்.