நான் திருப்பி அனுப்பிய நாவல்

ஒரு மொழிபெயர்ப்பை முழுதாகப் படிக்காமலேயே திருப்பி அனுப்பினேன். படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ததாகக் கடிதம் எழுதினேன். அனுப்பியவர் ஒரு கல்லூரி ஆசிரியை. அப்போது நான் நடத்திக்கொண்டிருந்த சிற்றிதழின் நைஜீரியச் சிறப்பிதழுக்காக நானே கேட்டு வாங்கியது அது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சிறப்பிதழுக்கு நான் எழுதிய முன்னுரையை இன்னமும் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டுகிறார்கள், அதில் இருப்பது தப்பு.

அவர் அனுப்பியது பலரபா ராமாத் யாக்குபு எழுதிய ‘அல்ஹாக்கி குய்குயோ நே’ என்ற ஹவுசா நாவலின் சில அத்தியாயங்கள். 1990-இல் வந்த நாவல். 2012-இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது லண்டன் பதிப்பகம் எதுவும் இல்லை. நம் சென்னையின் ப்ளாஃப்ட். ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் தொகுத்து 2008-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே பதிப்பகம். புத்தகம் என் அலமாரியில் இருந்தது. அட்டையைப் பார்த்ததோடு சரி.

வட நைஜீரியாவின் கானோ நகரச் சந்தைகளில் இப்படிப்பட்ட புத்தகங்கள் எண்பதுகளிலிருந்து குவிந்து கிடக்கின்றன. மெலிந்த புத்தகங்கள், மலிவான தாள். கதை நீண்டால் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று பிரித்து விற்பார்கள். பலரும் சொந்தக் காசு போட்டு அச்சடிப்பவர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். காதல், கட்டாயக் கல்யாணம், சக்களத்தி, மாமியார், படிக்கத் துடிக்கும் மகள் என்று வீட்டுக்குள் நடப்பதுதான் கதை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு வானொலியில் வாசித்துக் காட்டுகிறார்கள். கானோவில் பல பத்தாண்டுகளாக இந்திப் படங்கள் ஓடியதால் அவற்றின் சாயல் சில கதைகளில் உண்டு. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து வைத்திருந்ததையே ஆயுதமாக்கினேன். ‘இந்திப் படக் கதைகளின் நிழலில் வளர்ந்த பொழுதுபோக்கு எழுத்து, நம் இதழின் தரத்துக்கு ஒத்துவராது’ என்று அவருக்கு எழுதினேன். அவர் அனுப்பிய தாள்களில் முதல் நான்கைந்து பக்கங்களைத் தாண்டி நான் போகவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல விதமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கம் போதவில்லை, நேரமில்லை. எதுவும் உண்மையில்லை. சினுவா அச்செபே, வோலே சோயிங்கா என்று கனமான பெயர்கள் வரிசையாக இருக்கும் இதழில் ஒரு குடும்ப நாவலைப் போட்டால் சக எழுத்தாளர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். என் அக்கா மாத நாவல் படிப்பதைப் பார்த்து முகம் சுளித்தே வளர்ந்தவன் நான். பெண்கள் அடுப்படி வேலைக்கு நடுவே படிக்கிற எதுவும் இலக்கியமாக இருக்க முடியாது என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. அதைத்தான் தரம் என்று பெயர் சொல்லிக் காப்பாற்றி வந்தேன்.

இதழ் வெளிவந்து நெடுநாள் கழித்துத்தான் நாவலைப் படித்தேன். ரபி என்ற பெண் ஒன்பது பிள்ளைகளின் தாய். புருஷன் வசதியான வியாபாரி. வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, இவளைப் பிள்ளைகளோடு வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் சோறு சமைத்து விற்றுப் பிழைக்கிறாள். பேசுவது பெரும்பாலும் பாத்திரங்கள்தான், ஆசிரியர் குறுக்கே வருவதில்லை. வீட்டுச் செலவுக்குப் புருஷன் எவ்வளவு தருகிறான், அதில் எது வாங்கலாம், எது முடியாது என்ற கணக்கு கதைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் கணவனைச் சார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதை இவ்வளவு கறாராக, காசு காசாகச் சொன்ன நாவல்கள் நான் கொண்டாடிய வரிசையில் குறைவு.

யாக்குபு சிறு வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்டவர். பிற்பாடு முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து படித்தார். 1976-இல் கொல்லப்பட்ட ராணுவ ஆட்சித் தலைவர் முர்த்தலா முகம்மதுவின் தங்கை அவர். அப்படிப்பட்ட பெரிய வீட்டிலிருந்து வந்தவரே படிப்பதற்கு இத்தனை பாடுபட்டார் என்றால் மற்றவர்கள் நிலைமை என்னவென்று யோசித்துக்கொள்ளலாம். 2007-இல் கானோ மாநில ஆளுநரே ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய் இந்த வகைப் புத்தகங்களுக்குத் தீ மூட்டினார், பண்பாட்டைக் கெடுக்கின்றன என்று. புத்தக எரிப்பைக் கண்டித்து என் இதழிலேயே தலையங்கம் எழுதியவன் நான். எரிந்தவை எவை, யாருடையவை என்று அன்றைக்குத் தேடிப் பார்க்கவில்லை.

இனி முன்னுரைக்கு வருகிறேன். ‘நைஜீரிய நாவல் 1958-இல் பிறந்தது; அதற்கு முன் அங்கே இருந்தது வாய்மொழி மரபு மட்டுமே’ என்று எழுதினேன். 1958, அச்செபேயின் முதல் நாவல் லண்டனில் வந்த ஆண்டு. தமிழில் ‘சிதைவுகள்’ என்று நாம் படித்தது அதைத்தான். மகத்தான நாவல், அதில் மாற்றமில்லை. ஆனால் பீட்டா ந்வானா இக்போ மொழியில் எழுதிய ‘ஓமெனுக்கோ’ 1933-இலேயே வந்துவிட்டது. அதே ஆண்டில் வடக்கே ஹவுசா மொழியில் கதைப் போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து நூலாக வந்தவற்றில் ஒன்று ‘ஷைஹு உமர்’. எழுதிய அபுபக்கர் தஃபாவா பலேவா பின்னாளில் நாட்டின் முதல் பிரதமர். யொரூபாவில் ஃபகுன்வாவின் முதல் நாவல் 1938-இல் வந்தது. அதைப் பின்னால் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் சோயிங்கா. நோபல் வாங்கியவர் உட்கார்ந்து மொழிபெயர்த்த புத்தகம் என்றால், அந்தப் புத்தகம் எந்த மரபிலிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? 500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டுக்கு ஆங்கிலத்தில் வந்த ஒரு புத்தகத்தின் தேதியைப் பிறந்தநாளாகக் குறித்துக் கொடுத்தேன். இந்திய எழுத்து என்றால் ஆங்கிலத்தில் எழுதும் ஐந்தாறு பேர்தானா, தமிழ் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அந்த நாட்களில் மேடைக்கு மேடை கொதித்துக்கொண்டிருந்தவனும் நானேதான்.

‘வாய்மொழி மரபு மட்டுமே’ என்றது இன்னும் மோசம். ஹவுசாவை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே உண்டு. வடக்கே சொகோட்டோவில் நானா அஸ்மாவு என்றொரு பெண் வாழ்ந்தார், 1793 முதல் 1864 வரை. சொகோட்டோ அரசை நிறுவிய உஸ்மான் டான் ஃபோடியோவின் மகள். அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹவுசா மூன்றிலும் கவிதை எழுதினார். எழுதி அரண்மனைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கிராமங்களிலிருந்து பெண்கள் கூட்டமாக வருவார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவி. வைக்கோலால் முடைந்த பெரிய தொப்பி ஒன்றை அவளுக்கு அணிவித்து, சிவப்புத் துணியும் கொடுத்து அனுப்புவார் அஸ்மாவு. அந்தத் தலைவி கவிதைகளை மனப்பாடமாக எடுத்துப்போய், வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். எழுத்தும் வாய்மொழியும் கைகோத்து நடந்த ஏற்பாடு அது. கானோ பெண்கள் கதை எழுதுவதும், வானொலியில் அதைக் கேட்பதும் அந்த வட்டாரத்தில் நேற்று முளைத்த பழக்கமில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சிறப்பிதழின் கடைசிப் பக்கங்களில் லாடி க்வாலி பற்றி ஒரு குறிப்பும் எழுதினேன். குயவர். நைஜீரியாவின் இருபது நைரா நோட்டில் அவர் படம் இருக்கிறது. ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ ‘உருவாக்கிய’ கலைஞர் என்று எழுதிவைத்தேன். நடந்தது வேறு. க்வாலி ஊர்க்காரரான லாடி, மண்பாண்டம் செய்வதைச் சிறுமியாக இருந்தபோதே அத்தையிடம் கற்றார். அவர் செய்த தண்ணீர்ப் பானைகள் அபுஜா அமீரின் வீட்டில் இருந்தன. (இன்றைய தலைநகர் அல்ல, அந்தப் பழைய அபுஜாவுக்கு இப்போது சுலேஜா என்று பெயர்.) அவற்றை அங்கே பார்த்து வியந்துதான் கார்டியூ அவரைத் தன் மண்பாண்டப் பயிற்சி மையத்துக்கு அழைத்தார். லாடி 1954-இல் அங்கே சேர்ந்தபோது கை தேர்ந்த கலைஞர்.

அவர் சக்கரம் இல்லாமல் பானை வனைவதைப் படமெடுத்திருக்கிறார்கள். பானை அசையாமல் இருக்கும், அவர் குனிந்தபடி அதைச் சுற்றிச் சுற்றிப் பின்பக்கமாக நடப்பார். களிமண்ணைக் கயிறாகத் திரித்து விளிம்பின்மேல் வைத்து அழுத்தி, அடுத்த வளையம், அடுத்த வளையம் என்று பானை எழும்பும். மண் காய்வதற்கு முன் கீறல்களால் பல்லி, தேள், முதலை எல்லாம் அதன் மேனியில் ஏறிவிடும். கார்டியூவின் மையத்தில் சேர்ந்த பிறகும் பானை எழுந்தது இதே முறையில்தான்; மாறியது மேலே பூசிய மெருகும் சூளையின் சூடும். அந்தக் குறிப்பை எழுதும்போது நான் வைத்திருந்தது ஆங்கிலக் கட்டுரை ஒன்று மட்டும். அதில் கார்டியூவுக்கு எத்தனை பத்தி, லாடிக்கு எத்தனை பத்தி என்று எண்ணிப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் சான்று கொடுத்தால்தான் கறுப்பினப் பெண்ணின் பானை கலையாகும் என்று நானும் நம்பினேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அந்த ஆசிரியைக்குப் பிறகு கடிதம் எழுதினேன். படிக்காமல் திருப்பியனுப்பியதையும் படித்ததாகப் பொய் சொன்னதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இப்போது அந்த மொழிபெயர்ப்பை வெளியிட இடம் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். நிராகரித்து நான் எழுதிய பழைய கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டதாகவும், மீதி அத்தியாயங்களைத் தொடவே இல்லை என்றும், இனிமேல் செய்யும் எண்ணமில்லை என்றும் பதில் வந்தது. மன்னித்தேன் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. ஹவுசா நாவல் ஒன்று தமிழுக்கு வரவிருந்தது, என்னால் வராமல் போயிற்று.

அந்தச் சிறப்பிதழை வைத்திருப்பவர்களிடம், முக்கியமாக அதை ஆய்வுக்குப் பயன்படுத்தும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னுரையில் 1958 பற்றிய வாக்கியத்தையும் ‘வாய்மொழி மரபு மட்டுமே’ என்ற வரியையும் அடித்துவிடுங்கள். லாடி க்வாலி குறிப்பில் ‘உருவாக்கிய’ என்பதையும் அடித்துவிடுங்கள். ஏற்கெனவே மேற்கோள் காட்டியிருந்தால், எழுதியவனே மறுத்துவிட்டான் என்று இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.