ஊர் பிடித்த கமிஷன்

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்ப எது மலிவான வழி என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் இரண்டு கணக்குச் சொல்வார்கள். ஒன்று, அனுப்பும் கடையில் வாங்குகிற கட்டணம். இன்னொன்று, நாணய மாற்று விலையில் அவன் அடிக்கிற லாபம். எங்கள் தெருவுக்கு மூன்றாவது ஒன்றும் இருந்தது. பணம் வந்து சேருகிற வழியில் ஊர் பிடித்துக்கொள்கிற பங்கு. அதை எழுதிவைத்த புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி. 1994இல் சிங்கப்பூர் போனவன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியது, ஆகவே முதல் வருஷத்துச் சம்பளம் முழுக்க வட்டிக்காரனுக்கு. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்குக் கொடுத்தது தனி. கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நாலு கடை ஏறி இறங்குவான். "சார்ஜே இல்லைன்னு போர்டு போட்டுருப்பான்ணே. வெள்ளிக்கு அரை ரூவா கொறைச்சுக் குடுப்பான். ஐநூறு வெள்ளிக்கு எரநூத்தம்பது ரூவா போச்சுல்ல? சார்ஜ் எவ்வளவுன்னு கேக்கக் கூடாது. அம்மா கையில எவ்வளவு விழும்னு கேக்கணும்." உலக வங்கிக்காரர்கள் வேலை மெனக்கெட்டு எடுக்கிற கணக்கும் இதுதான். 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதத்துக்கும் மேலே. 2030க்குள் 3 சதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐ.நா. சபை 2015இல் இலக்கு வைத்தது. இருக்கிற வழிகளில் வங்கிதான் அதிகம் பிடுங்குகிறது என்பதும் அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் டிராப்ட்தான். பதிவுத் தபாலில் வரும். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் கால் வைக்கமாட்டார். குடியானத் தெரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஆள் விடுவார். களையெடுத்துக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி அம்மா ஓடவேண்டும். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் கைநாட்டு. "ஏண்டி, சிங்கப்பூரு மொதலாளி எவ்வளவு அனுப்பிருக்கான்?" கேட்பவனுக்கு என் வயதுகூட இருக்காது. அம்மா, "ஏதோ கூழுக்கு, சாமி" என்பாள். தபால்காரருக்கு இருபது ரூபாய்.

டிராப்டை மாற்ற வங்கியில் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் தெருவில் யாருக்குக் கணக்கு இருந்தது? பண்ணையிடம்தான் போய் நின்றோம். போட்டார். காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் அறுவடைக்கு அம்மா வேறு எவர் வயலுக்கும் போக முடியவில்லை. களத்தில் நெல் அளக்கும்போது, "ஒனக்கென்னடி, ஒம் மவன் டாலரா அனுப்புறான்" என்று அரை மரக்கால் குறைத்துத்தான் விழும். இது எத்தனை சதம் என்று எந்த வங்கிக்காரர் கணக்குப் போடுவார்?

அப்புறம்தான் தம்பி உண்டியலுக்கு மாறினான். அங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால் இங்கே ஒருவர் ரூபாயைக் கொண்டுவந்து கொடுப்பார். பணம் கடலைத் தாண்டுவதே இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கத்திலோ சரக்கிலோ பின்னால் கணக்கை நேர்செய்துகொள்வார்கள். பக்கத்து டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் எங்களுக்குக் கொண்டுவருவார். பொழுது சாய்ந்து டிவிஎஸ் 50இல் வருவார். நேராக வீட்டு வாசலுக்கு. தம்பி போனில் சொன்ன நம்பரை அம்மா சொல்வாள், எண்ணிக் கொடுப்பார். எங்கள் வீட்டு டம்ளரில் டீ குடித்துவிட்டுப் போவார். வங்கியைவிட விலையும் கூடுதல். ஆனாலும் அம்மாவுக்குக் கணக்கு அதில் இல்லை. "அந்த பாய் என்னை வாங்க போங்கன்னு பேசுறாரு" என்பாள்.

உண்டியல் சட்டவிரோதம். அன்றைக்கு 1973ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அது கிரிமினல் குற்றம். 2000இல் வந்த புதிய சட்டம் சிறைக்குப் பதில் அபராதம் என்று மாற்றியது, குற்றம் குற்றம்தான். இதே உண்டி ஒரு காலத்தில் கௌரவமான தொழிலாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டை செட்டியார்கள் அதில்தான் லேவாதேவி நடத்தினார்கள். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். கங்காணி பிடித்துக்கொண்டுபோன நம்மாட்கள் மலாயாவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. பணம் வைத்திருந்தவனுக்கு அவன் வீட்டு வாசலிலேயே வங்கி வந்தது.

உண்டியலில் வந்த பணத்துக்கு ரசீது கிடையாது. அதன் விலையை நாங்கள் மெதுவாகத்தான் தெரிந்துகொண்டோம். 1995 ஆகஸ்ட் 31இல் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியன்குளத்துக்குள் போலீஸ் நுழைந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள் இருந்த தலித் கிராமம். டிவி, மின்விசிறி, தையல் மிஷின் என்று பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் எரித்தார்கள். டிவியை உடைப்பதில் ஒரு வெறி இருக்கிறது, புரிந்துகொள்ளலாம். பாஸ்போர்ட்டை எரிப்பவன் யோசித்துத்தான் எரிக்கிறான். பணம் வருகிற வழி எது என்று அரசு எந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் 250க்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தியபோதும் பீரோக்களைத்தான் முதலில் உடைத்தார்கள் என்று அந்த மக்கள் சொன்னார்கள். வெளியூர் போய் உழைத்த காசும் நகையும் அதில்தான் இருந்தன. எரிந்த பீரோவில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

கொடியன்குளம் செய்தி வந்த அன்று அம்மா தம்பியின் சான்றிதழையும் பத்திரத்தையும் ஒரு தூக்குவாளியில் போட்டு அடுப்பங்கரையில் புதைத்தாள். இன்றைக்கும் கான்கிரீட் வீட்டுக்கு வெளிப்பூச்சு பூச விடமாட்டேன் என்கிறாள். உள்ளே டைல்ஸ், வெளியே செங்கல்.

தம்பி 2008இல் திரும்பிவிட்டான். இப்போது அவன் மகன் அங்கே. 2014இல் ஜன்தன் கணக்கு வந்தபோது ஆதாரைக் காட்டி அம்மா தன் பெயரில் கணக்குத் தொடங்கினாள். அறிமுகக் கையெழுத்து என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டிலும் கொஞ்சம் ரொக்கம் இருந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றதும், தெருவே அந்த வாரம் வங்கி வாசலில் நின்றது. யாரிடம் எவ்வளவு என்று ஊருக்கு மறுபடியும் தெரிந்தது.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகச் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளைப் பூட்டினார்கள். சிராங்கூன் சாலைக்குப் போகமுடியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பங்களாதேஷ் பையன் போனிலேயே அனுப்பக் கற்றுக்கொடுத்தானாம். அதிலிருந்து பையன் கடைக்கே போவதில்லை. மூன்று ஆப்பைத் திறந்து அப்பன் சொன்ன அதே கேள்வியைத்தான் கேட்கிறான், கையில் எவ்வளவு விழும் என்று. 2023 பிப்ரவரி 21இல் இங்குள்ள யுபிஐயையும் அங்குள்ள பேநவ்வையும் இணைத்தார்கள். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை, போன் நம்பருக்கு அனுப்புவது போல. ஆனால் வாங்குகிறவரிடமும் யுபிஐ இருக்கவேண்டும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே பணம் ஆப் வழியாகக் கணக்குக்கு வருகிறது. செலவு தம்பி காலத்தில் பாதிகூட இல்லை. டிங் என்று மெசேஜ், என் மகள் படித்துச் சொல்வாள்.

பணத்தை எடுப்பது மட்டும்தான் பாக்கி. வங்கி சார்பில் கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் ஆள் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். கடை குடியானத் தெருவில். ரேகை வைத்தால் மிச்சம் எவ்வளவு என்று மிஷின் காட்டும், அவர் அதைச் சத்தமாகப் படிப்பார். அம்மா அந்தப் பக்கமே திரும்புவதில்லை. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எண்பது வயதில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எட்டு மைல் போய், முகம் தெரியாத ஊர் ஏடிஎம்மில் இரண்டாயிரம் எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறாள்.