இறங்கத் தெரிதல்

சென்ற ஆவணி மாதத்தில், சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் கணவாயின் உச்சியில், ஏரிக்கரைக் கல்லொன்றில் என் துவிச்சக்கர வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் புட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்த வேளையில், நம்மவர் பிள்ளைகள் நால்வர் மிக மெல்லிய வண்டிகளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னரே வந்து காத்து நின்ற காரிலிருந்து குளிர்ச்சட்டைகளும் சுடுதேநீரும் இறங்கின. என் வண்டியில் தொங்கிய நான்கு பைகளையும் நோக்கிய ஒரு பிள்ளை, "அங்கிள், உந்த மூட்டை முடிச்செல்லாம் கட்டிக்கொண்டு ஏன் உந்தக் கஷ்டம்? பின்னால ஒரு கார் வந்தாச் சரிதானே?" என்று கேட்டான். அவன் பரிகாசம் செய்யவில்லை, உண்மையாகவே இரங்கினான். பரிகாசத்தை அன்றே மறந்திருப்பேன். அந்த இரக்கத்தை மறக்க இயலாமையினாலேயே இதை எழுதுகிறேன்.

1984ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து, பேர்ண் நகரத்துச் சமையற்கட்டுகளிலே முப்பது வருஷங்களுக்கு மேல் நின்று ஓய்வு பெற்றவன் நான். யாழ்ப்பாணத்துச் சமதரையில் எதிர்க்காற்றைத் தவிர வேறு ஏற்றம் அறியாமல் சைக்கிள் மிதித்து வளர்ந்த எனக்கு, கார் வாங்கப் பணமில்லாத காலத்திலே தொடங்கிய மலைப் பிரயாணம், பணம் வந்த பின்னரும் கார் வேண்டாம் என்ற விரதமாக நிலைபெற்றது. ஃபுர்க்கா, கிறிம்சல், சுஸ்டன், ஒபரால்ப், அல்புலா, 2478 மீற்றர் உயரத்து நுஃபனன் ஆகிய கணவாய்கள் யாவற்றையும் சுமையோடு, பலவற்றைப் பலமுறை, கடந்திருக்கிறேன்.

மலைக்குக் காரில் சைக்கிளை ஏற்றிச் செல்பவன், காரை நிறுத்திய பள்ளத்தாக்குக்கே மாலையில் திரும்பியாக வேண்டும்; ஆகவே அவன் மலையில் ஏறுகிறானேயன்றி மலையைக் கடப்பதில்லை. நானோ காலைப் புகையிரதத்தில் வண்டியைக் கொக்கியில் மாட்டிச் சென்று, கோஷனனில் இறங்கி, ஷொலனன் மலையிடுக்கின் வழியாக அண்டர்மாட்டுக்கு ஏறி, ஹொஸ்பந்தாலைத் தாண்டி 2106 மீற்றர் உயரத்து உச்சியை அடைந்து, மறுபுறம் அயிரோலோவுக்கு இறங்கும்போது, காலையில் ஜெர்மன் மொழியில் வணக்கம் சொன்ன உலகம் மாலையில் இத்தாலிய மொழியில் விடை சொல்கிறது. வடக்கே நனைந்த சட்டை தெற்கே வெயிலில் உலர்ந்துவிடுகிறது. பின்னர் 1882இல் திறந்த பழைய சுரங்கத்தினூடாகப் புகையிரதம், பகல் முழுதும் நான் கடந்த மலையைச் சுமார் பத்து நிமிஷத்தில் கடந்து, என்னைக் கோஷனனிலே திரும்பவும் சேர்க்கிறது. முழங்காலுக்குமேல் அந்தப் பகலின் கனத்தை உணர்ந்தவாறு அந்த இருட்டில் அமர்ந்திருக்கும் பத்து நிமிஷத்தை எந்தக் காரும் ஒருவனுக்குக் கொடுக்காது.

ஏறுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சிறிய பல்சக்கரமும் பொறுமையும் இருந்தால் எவரும் ஏறலாம்; பசிக்கும் முன் பனங்கட்டித் துண்டொன்றை வாயிலிட வேண்டும், அவ்வளவுதான். வித்தை இருப்பது இறக்கத்தில். உச்சியிலே படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களோ இறக்கத்தை ஏறியதற்குக் கிடைத்த பரிசு என்று எண்ணுகிறார்கள்.

1991ஆம் வருஷத்துக் கோடையில் திரெமோலாவில் முதன்முறை இறங்கினேன். கொத்தார்ட்டின் தென்சரிவிலே, கருங்கற் பாளங்கள் பதித்து, 24 கொண்டை வளைவுகளாக மடித்து வைத்த பழைய தெரு அது. பயத்தினால் இரண்டு பிறேக்கையும் விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். மெதுவாகப் போவதே பத்திரம் என்பது என் எண்ணம். பாதி வழியில் முன் ரியூப் வெடித்தது. வண்டி என்னைக் கற்சுவரோரம் கொண்டுபோய்ச் சாய்த்தது. எழுந்து றிம்மைத் தொட்ட விரலில் கொப்புளம் வந்தது.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில், மலைத்தெருக்களில் மஞ்சள் நிறத் தபால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். ஆயுள் முழுதும் பஸ் ஓட்டிய அவர் தமக்கென்று ஒரு கார் வைத்திருந்ததில்லை. என் விரற்கட்டைக் கண்டு நடந்ததைக் கேட்டவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை நகரத்தை அடுத்த குர்ட்டன் குன்றுக்கு அழைத்துச் சென்று, பைகள் நான்கிலும் கல் நிரப்பி, ஒரே பகலில் பதினொரு முறை இறங்கச் செய்தார். ஒவ்வொரு முறையும் நான் அடிவாரத்துக்கு வந்து நின்றவுடன், ஒன்றும் பேசாமல் குனிந்து, விரலின் புறத்தை றிம்மில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் மேலே கை காட்டுவார், நான் மறுபடியும் ஏறுவேன்.

ஐந்தாம் முறைக்குப் பின்னரே வாய் திறந்தார். "எந்தக் கியரில் மலை ஏறுமோ அந்தக் கியரிலேயே பஸ்ஸை இறக்க வேண்டும், அப்போது இயந்திரமே பாரத்தைத் தாங்கும். உன்னிடம் இயந்திரம் இல்லை. காற்றைத்தான் நீ இயந்திரமாக்கிக்கொள்ள வேண்டும்" என்றார். இதன் பொருள் எனக்குச் சமையற்கட்டில் வைத்துத்தான் விளங்கியது. நானும் வண்டியும் பொதியுமாக 110 கிலோ. உச்சிக்கும் அயிரோலோவுக்கும் இடையே உயர வித்தியாசம் 930 மீற்றர். அத்தனை பாரம் அத்தனை தூரம் கீழிறங்கினால் வெளிப்படும் சக்தி, இரண்டரை லிட்டர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிறேக்கை இழுத்துப் பிடித்து மெதுவாக இறங்குபவன், காற்றுக்குப் பங்கு கொடாமல், அந்த அடுப்பு முழுவதையும் இரண்டு மெல்லிய அலுமினிய வளையங்களின் கீழ் மூட்டுகிறான். நேர்ப்பாதையில் நிமிர்ந்து அமர்ந்து நெஞ்சை விரித்துக் காற்றுக்குக் கொடுப்பதும், வளைவுக்கு முன்னே இரு பிறேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தை ஒடுக்குவதும், வளைவுக்குள் நுழையுமுன் கையை விட்டுவிடுவதும், அந்த இடைவேளையில் றிம் ஆறுவதும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே செயல். ஈரக் கருங்கல்லிலோ வளைவுக்குள் பிறேக்கைத் தொடுவதே குற்றம்.

ஒன்பதாம் முறை விரலை வைத்தவர் சிறிது நேரம் எடுக்கவில்லை. பத்தாம் முறையும் அப்படியே. பதினோராம் முறை, தம் சட்டைப்பையிலிருந்து இரண்டாக மடித்த பத்திரிகைத் தாளை எடுத்து, "இறங்குமுன் இதைக் குளிர்காற்றுக்குத் தடுப்பாக நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வை" என்று கொடுத்தார். அதுவே நான் பெற்ற பட்டம். குருட்டு வளைவில் தபால் பஸ்ஸின் மூன்று சுர ஊதல் கேட்டால் எங்கிருந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதையும் அவரே கற்பித்தார். அவர் காலமாகிப் பல வருஷங்களாகின்றன. ஆயினும் ஒவ்வொரு இறக்கத்தின் முடிவிலும் என் விரல் தானாகவே றிம்முக்குப் போகிறது.

சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் முழுவதையும் பின்னால் கட்டினால் முன்சில்லு அலையும். கனமானவை முன்பைகளில், தாழ்வாக, இருபுறமும் சரிநிகராக இருக்க வேண்டும். அவ்விதம் கட்டிய வண்டி, வெறும் வண்டியைவிட உறுதியாகக் கல்லைப் பற்றுகிறது.

இவற்றையெல்லாம் இன்று கேட்பார் யார்? சிறு பல்சக்கரமொன்று வேண்டுமென்று சென்ற வருஷம் ஒரு கடையில் கேட்டபோது, மின்கல வண்டி வாங்கிக்கொள்ளுமாறு பதில் கிடைத்தது. மின்கல வண்டியின்மேல் எனக்குப் பகையில்லை. மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் பந்தயத்தின் அமைப்பாளர்கள் 1937 வரை கியர் மாற்றும் கருவியையே வெட்கக்கேடென்று விலக்கி வைத்தார்கள் என்பதை அறிந்தவன், புதுமையைக் கண்டு சினக்கமாட்டான். பின்னால் கார் வருகிறது என்ற தைரியத்தில் எதையும் கற்காமல் விடுவதே என் மனத்தாங்கல். ரயர் வெடித்தால் கார். மழை வந்தால் கார். றிம் சுட்டால் கார். அந்த நால்வருடைய பிறேக் கட்டைகளை அன்று உச்சியில் பார்த்தேன். இரண்டு வண்டிகளில் கட்டைகள் உலோகம் தெரியத் தேய்ந்திருந்தன. சொன்னேன். "கீழ போய் மாத்துவம்" என்றார்கள். கீழே போவதற்குத்தான் அவை வேண்டும்.

கார் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையில் வாழ முடியாது என்றும் அப்பிள்ளைகள் சொன்னார்கள். கிறவுபுண்டன் மாநிலம் 1900ஆம் ஆண்டில் தன் வீதிகள் அனைத்திலும் மோட்டார் வாகனத்தைத் தடுத்தது. வாக்கெடுப்புக்கு மேல் வாக்கெடுப்பாக மக்கள் அத்தடையை நிலைநிறுத்தி, 1925இல்தான் நீக்கினார்கள். அந்த மாநிலத்து அல்புலாக் கணவாய்க்கு ஏறும் தெருவுக்கு அருகிலேயே, சுருள் சுருளாக மலையைச் சுற்றி ஏறும் சிவப்புப் புகையிரதம் இன்றும் ஓடுகிறது, சைக்கிளை ஏற்றிக்கொள்கிறது.

வரும் ஜூன் மாதம், கணவாய்த் தெருவில் பனி விலகியதும், முதல் சனிக்கிழமைக் காலையில் நான் கோஷனன் நிலையத்தில் நிற்பேன். அந்த நால்வரில் எவரும், வேறு எந்தப் பிள்ளையும், என்னோடு வரலாம். புதிய பிறேக் கட்டைகளும் ஒரு பழைய பத்திரிகைத் தாளும் கொண்டு வாருங்கள், புகையிரதத்தில் வாருங்கள்.