வீட்டில் தங்கிவிட்ட உருபு

ஃபின்னிஷ் மொழியில் 'வீட்டில்' என்பதற்கு 'கொத்தொன' என்றொரு வினையடை உண்டு. குழந்தையும் அறிந்த சொல். ஆனால் இன்றைய இலக்கணப்படி அது அந்தப் பொருளைத் தரக் கூடாது. ஏனென்றால் '-ன' இப்போது 'ஆக' என்னும் பொருள் தரும் உருபு: 'ஒப்பெத்தயன' என்றால் ஆசிரியராக. 'இல்' என்பதற்கு '-ஸ்ஸ' இருக்கிறது: 'தலொ' கட்டடம், 'தலொஸ்ஸ' கட்டடத்தில். உருபு பிழையாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. சொல்தான் இலக்கணத்தைவிட மூத்தது. ஃபின்னிஷுக்கும் ஹங்கேரிய மொழிக்கும் தாயான யூராலிய மூலமொழியில் '-ன'வே இடத்தைக் குறித்தது. பின்னாளில் அதன் முன் 'ஸ்' சேர்ந்து, ஒலி மருவி '-ஸ்ஸ' பிறந்தது. புதிய உருபு பெயர்ச்சொற்களையெல்லாம் பிடித்துக்கொள்ள, அன்றாடம் நாவில் புரண்ட வினையடைகள் மட்டும் பழையதை விடவில்லை. தொலைவில் என்னும் 'கவுக்கன', வெளியில் என்னும் 'உல்கொன', பின்னால் என்னும் 'தக்கன' எல்லாம் அந்தக் கூட்டமே.

'வீடாக' என்ற பொருள்தான் நெகிழ்ந்து 'வீட்டில்' ஆனது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் வீடாக என்பதற்குக் 'கொத்தின' என்ற தனி வடிவம் அதே மொழியில் வழங்குகிறது. 'திங்கட்கிழமையன்று' என்பதற்கான ஃபின்னிஷ் சொல்லிலும் இதே '-ன' வருகிறது. இடம் காலமாக விரிவது மொழிகளில் இயல்பு. 'ஆக' என்பதிலிருந்து காலத்துக்குப் போக எளிய வழி இல்லை.

தமிழ் வாசகருக்கு வேறொரு ஆசை எழும். வீட்டைக் குறிக்கும் 'கொத்தி'க்கு உறவான பழஞ்சொல் 'கொத்த'. கம்புகளைக் கூம்பாக நிறுத்திய குடில். நம் குடியும் குடிலும் இதுதானே? 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஃபின்னிஷ் அடங்கிய 'சித்திய' இனத்தோடு ஒப்பிட்டவர்தான். ஆனால் பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவிலும் வீட்டுக்குக் 'கத' என்ற சொல் இருக்கிறது. குடிசையின் பெயர் மொழி விட்டு மொழி எளிதில் போகும். ஒலிச்சாயல் மட்டும் உறவாகாது. ஹங்கேரிய மொழியில் 'கொத்த'வுக்கு இணை 'ஹாஸ்', அதாவது வீடு. அங்கே 'த்' 'ஸ்' ஆவது ஒழுங்கான மாற்றம்: தண்ணீரைக் குறிக்கும் 'வெத்தெ' என்ற அடி 'வீஸ்' ஆகிறது, கையைக் குறிக்கும் 'கேத்தெ' 'கேஸ்' ஆகிறது. இப்படி எல்லாரும் ஏற்ற ஒலிமாற்ற வரிசை தமிழுக்கும் ஃபின்னிஷுக்கும் இடையே இதுவரை நிறுவப்படவில்லை.

வேரைவிட உருபே வலுவான சாட்சி, ஏனெனில் உருபை யாரும் எளிதில் கடன் வாங்குவதில்லை. ஹங்கேரியர் 'வீட்டில்' என்பதற்கு 'ஒத்ஹொன்' என்கிறார்கள். அதிலுள்ள 'ஹொன்', 'ஹாஸ்' என்பதன் அடியோடு அதே பழைய '-ன்' சேர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த இரு மொழிகள் ஒரே வேரையும் ஒரே உருபையும் ஒரே பொருளுக்குக் காத்து வைத்திருக்கின்றன. ஹங்கேரியில் 'ஹொன்' தனித்து நின்று தாய்நாட்டையும் குறிக்கலாயிற்று. ஃபின்லாந்தில் 'கொத்தொன' இன்றும் வீட்டில்தான் இருக்கிறது.