பொருந்தும் தோட்டா

சென்ற மார்கழி மாதம் ஒரு மாலை. இத்தலாரில் நமது நண்பராகிய கவுடர் ஒருவர், கம்பளிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு நம் வீட்டுப் படியேறினார். பிரித்துப் பார்த்தால், ரிவால்வர்! அவருடைய பாட்டனாருக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகையில் தந்ததாம். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பாரத மக்களை நிராயுதபாணிகளாக வைத்திருந்த காலத்தில், அது அவ்வீட்டின் கௌரவச் சின்னமாக விளங்கியதில் வியப்பில்லை.

“ஸார், காட்டுப்பன்றி கிழங்குத் தோட்டத்தை அழிக்கிறது. பேரன் இதால் ஒரு வெடி போட்டு விரட்டுகிறேன் என்கிறான். தோட்டாவும் சரியாகப் பொருந்துகிறது. நீங்கள் ரசாயனம் படித்தவராயிற்றே, பயமில்லையே?” என்றார்.

உள்ளதைச் சொன்னால், அந்த வெடியோசையைக் கேட்க நமக்கும் சபலம் தட்டியது. ஆயினும் பூதக்கண்ணாடியை எடுத்தோம். துப்பாக்கியில் பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனை முத்திரை இருந்தது. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டவற்றில் 1904 முதல் பொறிக்கப்பட்ட ‘என்.பி.’ என்னும் எழுத்துக்களோ காணப்படவில்லை. தோட்டாவின் அடியில் 1943 என்றிருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது. பழைய துப்பாக்கி கருமருந்துக்கென்றே செய்யப்பட்டது. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அம்மருந்தைத் திருவிழா வேட்டில் நாம் அறிவோம். தோட்டாவில் இருந்ததோ கார்டைட். நம் மலையிலேயே அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த பொருள். அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற, அது மேலும் விரைந்து எரியும். அழுத்தம் இன்னும் ஏறும். துருவேறிய பழைய உருளை அதைத் தாங்காமல் பிளந்தால், போவது பன்றியன்று, பேரனுடைய கை!

“பொருந்துகிறதே!” என்றார் கவுடர் மீண்டும்.

“கவுடரே, பூட்டினுள் நுழையும் சாவியெல்லாம் அதற்குரிய சாவியாகிவிடுமா?” என்றோம்.

அளவு ஒத்தால் மட்டும் போதாது. மருந்து, முத்திரை, உலோகத்தின் நிலை ஆகிய மூன்றையும் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி சோதித்தாலன்றி எந்தத் தோட்டாவும் தகாது. அன்றியும், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸின்றிச் சுடும் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். பழையது என்பதால் மட்டும் விலக்குக் கிடையாது; பழுதுபார்த்தாலும் சுட இயலாததாக இருக்க வேண்டும்.

மறுநாள் கவுடரும் நாமும் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று அதை ஒப்படைத்தோம். திரும்பும் வழியில் அவர் வெகுநேரம் பேசவில்லை. பாட்டனாரின் பெருமை போயிற்றே என்று வருந்துகிறார் போலும் என எண்ணினோம். வீட்டை நெருங்கியதும் தோட்டத்தில் முள்வேலி கட்டிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்தார்.

“இரண்டு கையாலும் வேலை செய்கிறான் ஸார்” என்றார்.