ஆறாவது நகர்வு

சதுரங்கத்தில் தோல்வியை வீட்டுக்கு எடுத்து வரலாம். போட்டி ஆட்டத்தில் இருவருமே ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியாக வேண்டும். அந்தத் தாள் யாருக்காகவும் பரிந்து பேசாது. பெண்களுக்கு இது அரிதாகக் கிடைக்கும் சாட்சி. நாம் தோற்ற மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பிறர்தான் சொல்கிறார்கள். ஏன் தோற்றோம் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

மந்தாரக்குப்பத்தில் நான் ஆடும் கிளப் மாலை 7 மணிக்குக் கூடும். சுரங்கத்தில் பகல் ஷிப்ட் முடித்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள். எனக்கு மாதத்தில் இரண்டு மாலைகள் வாய்த்தால் அதிகம். போன மாதம் கறுப்புக் காய்களுடன் ஆடி, 38ஆவது நகர்வில் தோற்றேன். எதிரே ஆடியவர் அப்பா வயதுக்காரர், அன்பானவர். கைகுலுக்கிவிட்டுச் சொன்னார்: "பொம்பளைங்களுக்கு இந்த ஃபிரெஞ்ச் டிஃபென்ஸ் சரிப்படாதும்மா. சிக்கல் ஜாஸ்தி. சிம்பிளா ஏதாவது ஆடுங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஃபிரெஞ்ச் டிஃபென்ஸ் என்ற பெயர், 1834இல் லண்டனும் பாரிஸும் கடிதம் வழியே ஆடத் தொடங்கிய போட்டியிலிருந்து வந்தது. வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் வந்தால், கறுப்புச் சிப்பாய் ஒரே கட்டம் நகரும். பார்க்க அடக்கமாக இருக்கும். அடுத்த நகர்விலேயே டி5 என்று நடுவில் மோதும். வெள்ளை இ5க்கு வந்து வழியை அடைத்தால், கறுப்பின் பிஷப் ஒன்று சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே முடங்கும். அதற்கு ஈடாக, வெள்ளைச் சிப்பாய்களின் சங்கிலியை அதன் அடியில், டி4 கட்டத்தில், தாக்க வேண்டும். சங்கிலியை அடியில் தாக்கு என்பது நிம்சோவிட்ச் வகுத்துத் தந்த பாடம்.

பாத்திரம் கழுவி, மகளைத் தூங்க வைத்தபின், மூன்று இரவுகள் அந்தத் தாளோடு உட்கார்ந்தேன். முதல் ஐந்து நகர்வுகள் புத்தகத்தில் உள்ளவை: சி5, குதிரை சி6, ராணி பி6, எல்லாம் டி4ஐக் குறிவைத்து. வெள்ளை ஏ3 ஆடியதும் நான் சி4 என்று தள்ளினேன். மாஸ்டர்களும் ஆடுகிற நகர்வு அது. ஃபோனில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் செயலியும் வெள்ளைக்குச் சற்றே சாதகம் என்றது, அவ்வளவுதான். டிஃபென்ஸில் கோளாறு இல்லை.

ஆனால் சி4 வந்ததும் டி4 மீதிருந்த அழுத்தம் விலகுகிறது. ஆட்டம் அடைபட்டு நீள்கிறது. காய்களைப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றி வர வேண்டும். நூறு ஆட்டம் ஆடிய கைக்கு அது தானாக வரும். எதிரே இருந்தவர் தினமும் ஆடுகிறவர். யோசிக்காமல் குதிரையை ஒதுக்கி, எஃப் சிப்பாயை என் ராஜாவை நோக்கி நடத்தினார். நான் ஒவ்வொன்றையும் பலகையில் புதிதாகக் கண்டுபிடித்தேன். 25ஆவது நகர்வில் அவருக்கு 20 நிமிடம் மிச்சம், எனக்கு 3. தாளின் ஓரத்தில் நான் குறித்து வைத்திருந்த அந்த எண்கள்தான் காரணத்தைச் சொல்கின்றன. எனக்குப் பற்றாமல் போனது நேரம். அந்தப் பற்றாக்குறை மாலை 7 மணிக்கு முன்பே தொடங்கிவிட்டது.

விஸ்வநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் சொல்லித்தந்தவர் அம்மா சுசீலா. ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தமிழ்நாட்டுப் பெண் ஒருவர், வைஷாலி, அந்தப் பட்டத்தைத் தொட 2023 ஆயிற்று. இடையில் 35 ஆண்டுகள். அம்மாக்களுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. 2024 கேண்டிடேட்ஸ் போட்டியில் வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்று, கடைசி ஐந்தையும் வென்றார். டிஃபென்ஸ் பெண்களுக்குச் சரிப்படாது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி எழுந்து வரத் திறமை வேண்டும். தோற்றதை உட்கார்ந்து பார்க்க நேரமும் வேண்டும்.

ஆகவே இரண்டு முடிவுகள். ஒன்று, ஆறாவது நகர்வில் இனி குதிரை ஹெச்6. அங்கிருந்து எஃப்5க்குப் போய் மறுபடி டி4ஐ மிரட்டும். வெள்ளை பிஷப்பால் அந்தக் குதிரையை வெட்டினால் என் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பரவாயில்லை, ஜி வரிசை என் யானைக்குத் திறக்கிறது. ஆட்டம் திறந்தே இருக்கும்.

இரண்டாவது, ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குக் கிளப்பைத் திறக்கும்படி எழுதிக் கொடுத்தேன். நான் ஒருத்தி கேட்டால் சலுகை என்பார்கள் என்று, பக்கத்துத் தெருவில் கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களையும், பள்ளி நாட்களில் மாவட்டப் போட்டி ஆடி, கல்யாணத்துக்குப் பிறகு பலகையைத் தொடாத ஒரு தோழியையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். தோழி பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம்ல?" ஐந்தரைக்குள் முடித்துவிடலாம் என்றேன். போட்டாள்.