எவலின் பிராண்ட்: கொல்லிமலையில் ஒரு வாழ்நாள்

கொல்லிமலை என்றதும் இலக்கிய வாசகர்களின் நினைவில் முதலில் எழுபவன் வல்வில் ஓரி, அடுத்து கொல்லிப்பாவை. எனக்கோ மூன்றாவதாக ஒரு பெயரும் உடன் எழும். எவலின் பிராண்ட்.

1879இல் பிறந்த எவலின், லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். 1913இல் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து மலையேறினார். கன்னியாஸ்திரீ அல்லர், பாப்டிஸ்ட் சபை ஊழியர். வாழவந்தியில் தங்கி இருவரும் பள்ளிகள் தொடங்கினர், மருந்து கொடுத்தனர், தச்சுவேலை கற்பித்தனர், ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்தனர். தம் மகன் பாலுக்கும் மகள் கோனிக்கும் எவலினே ஆசிரியை.

1923இல் அவ்விருவரையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று உறவினர்களிடம் ஒப்படைத்தனர். பின்னர் தம்பதியர் மட்டும் கொல்லிக்குத் திரும்பினர். மகன் தந்தையை மறுபடி காணவேயில்லை. 1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். செய்தி தந்தியில் முந்திவிட்டது. அவர் முன்பே எழுதியிருந்த கடிதமோ கப்பலில் வந்து அதன்பிறகே மகன் கைக்குக் கிடைத்தது. பாலுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை.

இந்த இடத்தில் என்னால் வெறும் வாசகியாக இருக்க முடிவதில்லை. மலைப்பகுதிப் பள்ளியொன்றில் பதினோரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். என் மகள் சமவெளியில் என் தாயிடம் வளர்ந்தாள். ஊரார் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திய இரவுகளில், அவளுடைய வீட்டுப்பாடத்தை யார் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணம் வராமல் இருந்ததில்லை. என் முடிவு பிழையென்று இன்றும் நான் கருதவில்லை. ஆனால் அதற்கொரு விலை இருந்தது. அதை நான் மட்டும் கொடுக்கவில்லை.

மதம் பரப்ப வந்தவர்தாமே என்று நண்பரொருவர் கேட்டார். ஆம், எவலின் அதை மறைத்தவரல்லர். நான் வியப்பது அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது நிகழ்ந்ததை. வயதைக் காட்டிச் சங்கம் அவரை மீண்டும் அனுப்பத் தயங்கியது. ஓராண்டு மட்டும் என்று மன்றாடி வந்தார். அது முடிந்ததும் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்று, தம் பொறுப்பிலேயே மலைக்குப் போய்விட்டார். பணி ஓய்வு என்பது அவருக்குப் பணியின் தொடக்கமாயிற்று. இடுப்பெலும்பு முறிந்தபின் மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்றார். அதற்கும் இயலாதபோது மலைமக்கள் தூளி கட்டிச் சுமந்தனர். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடியே இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

அந்த மகன்தான் 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் இயங்கவைத்த டாக்டர் பால் பிராண்ட். இதைச் சொல்லி, சிறுவயதுப் பிரிவுக்குக் கணக்கு நேராகிவிட்டது என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தந்திக்குப் பின் வந்த கடிதத்தைப் பிரித்த சிறுவனுக்கு எந்தப் பிற்காலப் புகழும் ஈடாகாது. எவலினும் அதை அறிந்தே இருந்திருப்பார். அறிந்தும் இருந்தார் என்பதே அவரை எனக்கு நெருக்கமாக்குகிறது.

1974இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். பெட்டி செய்து மரத்தை வீணாக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். பழைய துணியொன்றில் சுற்றி, வாழவந்தியில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்தனர்.

இக்கதையை என் மகளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. அடுத்தமுறை வரும்போது சொல்ல வேண்டும்.